குடியம் மலைக்கு ஒரு வீக் ஆஃப்

ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் வீக் ஆஃப் பற்றி எழுதுகிறேன். அதில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஒரு நாளில் பாதி தூக்கத்துக்குப் போகும். மீதியில் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பேச வேண்டும், சாயங்காலம் பஜார் வரை ஒரு நடை போக வேண்டும். தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்தவருக்குத் தூக்கத்தைவிடப் பெரிய சுற்றுலா எதுவும் இல்லை. நானும் டூல் ரூமில் அரம் பிடித்துக் காலம் தள்ளிய ஃபிட்டர்தான், அந்த அசதி எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்குள், மார்கழியிலோ தையிலோ, ஒரே ஒரு வீக் ஆஃபை குடியம் மலைக்கு ஒதுக்குங்கள்.

வழி உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். சிங்கப்பெருமாள்கோயிலில் கிளம்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலையில்தான் உங்கள் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அதே மாநில நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூரோடு முடிவதில்லை, வடக்கே திருவள்ளூருக்குப் போகிறது. திருவள்ளூரிலிருந்து பூண்டி கிட்டத்தில்தான். பூண்டியில் கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-இல் கட்டிய ஏரி இருக்கிறது. சென்னையின் மேயராக இருந்து அந்த வேலையைத் தொடங்கிவைத்த சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு கால்வாய் செம்பரம்பாக்கம் வரை வருகிறது. ஏரியைத் தாண்டிப் போனால் அல்லிக்குழி மலைகள், அதன் அடியில் குடியம் கிராமம்.

மலை என்றதும் ஏற்காட்டையோ கொல்லிமலையையோ நினைத்துக்கொண்டு வராதீர்கள். சில நூறு மீட்டர் உயரம்தான். பனி கிடையாது, அருவி கிடையாது, ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. முள்ளும் கல்லும் நிறைந்த காப்புக்காடு. வெறும் அழகுக்காகப் போவதென்றால் நாகலாபுரத்துக்கோ தடா அருவிக்கோ போகச் சொல்லியிருப்பேன். பைக் வைத்திருக்கும் பையன்கள் எப்படியும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். குடியத்துக்கு உங்களைக் கூப்பிடக் காரணம் வேறு. நீங்கள் பொருள் செய்கிறவர்கள். இந்த மண்ணில் கைக்கு எட்டிய மிகப் பழைய தயாரிப்பு வேலை நடந்தது அந்த மலையடிவாரத்தில்தான். அதைப் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் பேராசிரியர்களுக்கு முன்னால் உங்கள் பெயர் வர வேண்டும் என்பது என் கட்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைப் பொறுக்கினார். அது ஆற்றில் உருண்டு தானாக உடைந்த கல் அல்ல, மனிதக் கை தட்டிச் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. அப்போது அவருக்கு வயது 28, உங்களில் பலரின் வயது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். பூண்டிக்கும் இந்த மலைக்கும் அருகே, கொசஸ்தலையில் கலக்கும் ஓடை ஒன்றின் கரையில் இருக்கும் ஊர் அது. அங்கே கற்கருவிகள் குவியலாகக் கிடந்தன.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பலரும் வந்து தோண்டினார்கள். குடியம் மலையில் உள்ள குகையில் 1960-களின் தொடக்கத்தில் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அகழாய்வு செய்தார். 1999-இல் அத்திரம்பாக்கத்தில் மறுபடி குழி போட்டவர்கள் சாந்தி பப்புவும் அவரோடு சேர்ந்த குமார் அகிலேஷும். இங்கேதான் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறது. அத்திரம்பாக்கத்தில் கீழே போகப் போக மெல்லிய அடுக்குகளாகக் களிமண் வரும். ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்று நிலவியலார் குறிக்கும் டைனோசர் காலத்துக் களிப்பாறையைச் சேர்ந்தது அது என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். டைனோசர் காலத்து மண்ணில் மனிதக் கருவி எப்படி இருக்கும்? இந்தக் குழுவினர் அந்தக் களிமண்ணுக்குள்ளும் இறங்கினார்கள். அதுவோ ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல், அதற்குள் பல மீட்டர் ஆழம்வரை கருவிகள். காட்டெருமை, குதிரை, நீலான் இனங்களின் பல்லும் கிடைத்தது. மேற்பரப்பில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர் பட்டுக் கல்லுக்குள் உண்டாகும் அலுமினியம், பெரிலியம் அணுக்கள், கல் புதைந்த பின் மெல்ல மெல்லச் சிதைந்து குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து காலம் கணித்தார்கள். 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்குக் கீழே வராது.

செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்கூட இல்லை. நம் இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. முகம் தெரியாது, பேசினார்களா என்று தெரியாது. செய்த பொருள் மட்டும் இருக்கிறது.

அந்தப் பொருளைப் பற்றி ஒரு டூல் ரூம் ஆள் சொல்வதைக் கேளுங்கள். கைக்கோடரி என்று பெயர். பிடி கிடையாது, உள்ளங்கைக்குள் வைத்துப் பிடிக்க வேண்டியது. ஒரு முனை கூர், மறுமுனை மொத்தை, இரண்டு பக்கமும் விளிம்பு. பூண்டியில் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். முதல் பார்வைக்கு ‘இதுவா?’ என்றுதான் தோன்றும். பக்கத்தில் போய் விளிம்பை மட்டும் பாருங்கள். சிப்பி மூடியின் உள்பக்கம் மாதிரிக் குழிந்த தழும்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு தழும்பும் ஓர் அடி. வலப்பக்கம் ஓர் அடி அடித்தால் ஒரு சில்லு கழன்று விழும். அது விட்டுப்போன பள்ளத்தின் ஓரத்தில்தான் அடுத்த அடி, கல்லைத் திருப்பிப் போட்டு இடப்பக்கம். மறுபடி திருப்பு, மறுபடி அடி. இப்படியே சுற்றி வர வேண்டும். சுத்தியலும் கல்தான். அடிக்கும் கோணம் கொஞ்சம் செங்குத்தாகப் போனால் சில்லு கழலாது. பாதி தூரம் ஓடி நடுவிலேயே முறிந்து, கல்லில் ஒரு படிக்கட்டு நின்றுவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி அடித்தால் படிக்கட்டு பெரிதாகும். ரீவொர்க் பண்ணப் போய் பீஸையே ஸ்கிராப் ஆக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி நடுவழியில் வீசிப்போட்டவையும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. பிடிபட்ட வேலையைவிடப் பிடிபடாத வேலைதான் செய்முறையை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது.

இன்னொன்று. அத்திரம்பாக்கத்தில் கண்டுபிடித்த பெரிய சில்லுகளை உடைத்தெடுத்த தாய்க்கற்கள் அங்கே இல்லை. கல் மலைப்பக்கத்தில், வேலை முடித்த இடம் ஓடைக்கரையில். அதாவது கல் கிடைக்கும் இடத்திலேயே பெரிய சில்லாக உடைத்து, வேண்டியதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, கரையில் உட்கார்ந்து ஓரம் தட்டி முடித்திருக்கிறார்கள். பிளாங்க் ஒரு இடத்தில், ஃபினிஷிங் ஒரு இடத்தில். தேவையில்லாத எடையைச் சுமக்கக் கூடாது என்ற கணக்கு 15 லட்சம் ஆண்டுக்கு முன்பே ஒரு தலைக்குள் ஓடியிருக்கிறது. இந்த வேலை யாரையும் பார்த்துப் பழகாமல் தானாக வந்துவிடாது என்பது என் தொழிலறிவு. யாரோ ஒருவர் செய்துகாட்ட, யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்டைபண்ட் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

மாடல் மாறாமல் ஓடியதையும் கவனியுங்கள். பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் கைக்கோடரி கைக்கோடரியாகவே இருந்தது. அப்புறம்தான் வேறு முறை வருகிறது. பெரிய கருவியை விட்டு, முன்கூட்டித் திட்டமிட்டுத் தயாரித்த கல்லிலிருந்து அளவான சிறு சில்லுகளை எடுக்கும் முறை. அத்திரம்பாக்கத்தில் அது ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று இதே குழு 2018-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. இந்த முறை இந்தியாவுக்கு வெகு பின்னால்தான், வெளியிலிருந்து வந்தவர்களோடு வந்து சேர்ந்தது என்ற பழைய எண்ணத்தை அது ஆட்டிவைத்தது.

சரி, நடைக்கு வருவோம்.

குடியம் ஊரைத் தாண்டியதும் தார் முடிந்து செம்மண் தடம் தொடங்கும். சில கிலோமீட்டர் நடை. ஏற்றம் பெரிதாக இல்லை, தரைதான் சிரமம். காலுக்கடியில் எல்லாமே உருண்டைக் கல். எலுமிச்சை அளவிலிருந்து பூசணி அளவு வரை. ஒரு காலத்தில் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து குவித்து, மணலோடு இறுகிப் பாறையாகி, அந்தப் பாறை மறுபடி உதிர்ந்து கொட்டிய கல் அது. அவசரப்பட்டு அடி வைத்தால் கணுக்கால் பிசகும். கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள், கால் வெந்துபோகும். செருப்பும் வேண்டாம். பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும்.

நிழல் குறைவு. களாவும் காரையும் சூரையும் இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்து இழுக்கும். நுணாவும் ஆவாரையும் கள்ளியும் நடுநடுவே. செம்போத்தின் குரல் கேட்கும், மயில் கூப்பிடும், அதிர்ஷ்டம் இருந்தால் உடும்பு ஓடும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர் தூக்கிக்கொள்ளுங்கள். வழியில் கடை கிடையாது. காலை ஆறு ஆறரைக்குள் நடக்க ஆரம்பித்தால்தான் பதினொரு மணி வெயிலுக்கு முன் குகை நிழலில் இருக்கலாம். எழுந்திருப்பது கஷ்டம் என்று சொல்லாதீர்கள். ஏ ஷிப்டுக்கு நாலு மணிக்கு எழுந்து பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் நீங்கள்.

குகை என்று சொல்கிறார்களே தவிர, இருட்டுக்குள் தவழ்ந்து போகும் பொந்து அல்ல. மலையின் வயிற்றுப் பக்கம் குடைந்து போனதால் உண்டான பெரிய பாறைக் கூரை. அப்படி இந்த மலையில் பல இருக்கின்றன. கூரைக்கடியில் நின்று நிமிர்ந்து பாருங்கள். சிவந்த பாறை முழுக்க உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். சில கற்கள் உதிர்ந்த இடத்தில் வழவழப்பான குழி மட்டும் இருக்கும். உங்கள் தலைக்கு மேலே இருப்பது கருவிக்கான கச்சாப்பொருள். குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். முன்னோர் இந்த நிழலில் ஒதுங்கினார்கள், கல் மேலிருந்து கீழே விழுந்து கிடந்தது. வேறு என்ன வேண்டும்? குகையில் அம்மன் கோயில் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் வந்து பொங்கல் வைக்கிற இடம். ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். அதற்கு அப்பால் இன்னும் தள்ளி, இதைவிடப் பெரிய குகை இருக்கிறது. கூரையில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும். அங்கே கத்தாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள், சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், புகை பிடிக்கவே கூடாது. மலைத்தேனீ துரத்தினால் அந்தக் கல்லில் ஓட முடியாது.

கீழே கிடக்கும் கல்லை எடுத்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். உள்ளே விரிசல் விட்ட கல் மொத்தென்று சொல்லும், நல்ல கல் கணீரென்று கேட்கும். செதுக்கிய கல் என்று சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். பையில் போடாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். எந்த மண்ணில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கருவி அப்புறம் வெறும் கல்தான். டிராயிங் இல்லாத பீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

இப்போது அனுமதி விஷயம். இது காப்புக்காடு. நினைத்த நேரத்தில் நுழைந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் வேலைக்குப் போகும் இளம் பெண்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 தடங்கள், அவற்றில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கட்டணம் காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கனம்தான், மறைக்கவில்லை. காட்டுத்தீக் காலத்தில் தடத்தை மூடிவிடுவார்கள், அப்போது குறுக்கு வழி தேடாதீர்கள். வழிகாட்டியிடம் நிறையக் கேளுங்கள். இந்தப் பக்கத்துக் காட்டை இருளர் பழங்குடியினர் அளவுக்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை. எந்தப் பழம் தின்னலாம், எந்தப் புதரில் கை விடக் கூடாது என்பதை நான் எழுதுவதைவிட அவர்கள் காட்டுவது நல்லது.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தனியார் ஹாஸ்டல்களில் இருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். இரண்டு பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தால் யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு அவுட் பாஸ், வார்டன், ஊரிலிருந்து அப்பாவின் போன், இத்தனையும் தாண்ட வேண்டும். ஒன்றிரண்டு பேராகப் போவதைவிடப் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, வனத்துறைப் பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அரசுப் பதிவு, வழிகாட்டி பெயர், திரும்பும் நேரம் மூன்றும் தாளில் இருந்தால் வார்டனும் மறுக்க யோசிப்பார், அப்பாவும் கொஞ்சம் தணிவார். கம்பெனி எச்.ஆரிடம் சொல்லி டூர் ஏற்பாடு செய்யச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்பேன். பேனர் பிடிக்கச் சொல்வார்கள், குரூப் போட்டோவுக்கு மூன்று தடவை நிற்கச் சொல்வார்கள். உங்கள் வீக் ஆஃப் 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் கொடுத்த வாராந்திர விடுமுறை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நினைவிருக்கும். உங்கள் நேரத்தின் மேல் எத்தனை பேருக்குக் கண் என்பதற்கு அதுவே போதும். உங்கள் நாளை உங்கள் காசில் நீங்களே செலவழியுங்கள்.

அறையில் ஒடியாவோ இந்தியோ பேசுகிற நண்பர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். இந்தக் கடிதத்தை அவர்களால் படிக்க முடியாது, நீங்கள் சொல்லிவிடுங்கள். 15 லட்சம் ஆண்டுக் கணக்கில் யார் உள்ளூர், யார் வெளியூர்?

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகாமல் கற்கருவிகள் வந்தன. சுமார் 12,000 ஆண்டுப் பழமை என்றும், கருவி செய்த இடமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதே ஊரில் ரோமானிய ஜாடி ஓடுகளும் தங்க நகையும் கிடைத்தன. இந்தப் பக்கம் சிப்காட் நிலத்தை மட்டப்படுத்தியபோது எத்தனை வடக்குப்பட்டுகள் புல்டோசருக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கம்பெனி விரிவாக்கத்துக்குக் குழி தோண்டும் இடத்தில் நிற்கும் தம்பிகள், செதுக்கிய கல்லோ பழைய ஓடோ கண்ணில் பட்டால் தாசில்தாருக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ ஒரு தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் போய், பூண்டிக்கு பஸ் மாறி, அங்கிருந்து குடியத்துக்கு ஆட்டோ பேசி, விடியற்காலைக்குள் போய்ச் சேர்வது பஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்கு ஆகாத காரியம். வேன் பேசினால் ஆளுக்கு நானூறு ஐநூறு வந்துவிடும். ஆயிரக்கணக்கான பேரை ஷிப்ட் தவறாமல் ஏற்றி இறக்கும் இந்தச் சாலையில், விடியலில் ஒரகடத்தில் கிளம்பி பூண்டி, குடியம் போய் மதியம் திரும்பும் ஒரு பஸ் விடுவது பெரிய விஷயம் அல்ல. போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதுங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒவ்வொரு நகல் போடுங்கள். தொழிலாளிகளுக்குக் கட்டணச் சலுகை கேட்டு வனத்துறைக்கு இன்னொன்று. கையெழுத்து வாங்க ஹாஸ்டல் வாசலில் நானும் வந்து நிற்கிறேன். மனுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும் என்று எழுதிவிடாதீர்கள். செவ்வாயும் புதனும் வீக் ஆஃப் வருகிறவர்கள்தான் உங்களில் பாதிப் பேர்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர்,
ஸ்ரீபெரும்புதூர்